கட்டாயப்படுத்தியவர் யாருமில்லை

1997-ல், ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது என் கர்ப்பத்தைக் கலைத்தேன். வயிற்றில் இருந்தது பெண் என்று தெரிந்துகொண்டுதான் கலைத்தேன். ஆணாக இருந்திருந்தால் கலைத்திருக்க மாட்டேன்.

அப்போது நான் சேலம் மாவட்டத்தின் மேற்கே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். பெண் சிசுக்கொலையைத் தடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஊரில் எல்லோருக்கும் நான் நர்ஸம்மா. பிரசவம் பார்க்கவும், தடுப்பூசி போடவும், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கவும் போகும் அதே வீடுகளுக்குத்தான் "பொம்பளப் புள்ளய ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று சொல்லவும் போவேன்.

1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான் இருந்தார்கள். யாரும் கை வைக்காமல் இருந்தால் அந்த எண் 950-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். அதுவரை பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டியின் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அதை எழுதியதிலிருந்து, அது ஏதோ ஒரு சாதியின் பழக்கம், ஒரு வட்டாரத்தின் பழக்கம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ள வசதியாகிவிட்டது. கணக்கெடுப்பு அந்த வசதியைப் பறித்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா முதலில் சேலத்தில்தான் தொடங்கினார். கொல்லாதே, வேண்டாமென்றால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, அரசு வளர்த்துக்கொள்ளும் என்பதுதான் திட்டம். அந்தத் தொட்டிலுக்கு நானும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கர்ப்பிணிகள் பதிவேட்டில், ஏற்கெனவே பெண் குழந்தை உள்ளவர்களின் பெயரைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பேன். பிரசவமாகி முதல் பத்து நாள் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்க மாட்டேன். அப்படியும் சில வீடுகளில் காலையில் போனால் முற்றம் கழுவி விட்டிருக்கும், குழந்தை இருக்காது. சிசு மரணப் பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. பேதி, நிமோனியா, குறைப்பிரசவம் என்று எழுதும் அந்தக் கட்டத்தில் இந்த மரணங்களுக்கு நாங்கள் எழுதியது "சமூகக் காரணம்". ஷீலா ராணி சுங்கத், வி.பி. ஆத்ரேயா இருவரும் 1997-ல் பெண் சிசுக்கொலை பற்றி வெளியிட்ட ஆய்வு, ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் இப்படி எழுதப்பட்டிருந்ததைத் திரட்டித்தான் செய்யப்பட்டது. என்னைப் போன்ற செவிலியர்கள் கையால் எழுதியவை அவை.

அந்த ஆய்வு வந்த அதே ஆண்டில்தான் என் கர்ப்பமும் கலைந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது சமூகக் காரணம் என்று ஏறவில்லை.

அதற்குமுன் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு மூன்றாவதும் பெண். மூன்றாம் நாள் நான் போனபோது, "பால் குடிக்கல நர்ஸம்மா, ராத்திரியே போயிடுச்சு" என்றாள். மார்பில் பால் கட்டி, சேலை முன்பக்கம் நனைந்திருந்தது. என் கண்ணைப் பார்த்துப் பேசினாள். முந்தின நாள் நான் தூக்கிப் பார்த்த குழந்தை, நன்றாகச் சப்பிக் குடித்த குழந்தை. நான் பதிவேட்டில் எழுதியதோடு நிற்கவில்லை, மேலே சொன்னேன். விசாரணை வந்தது. போலீஸில் வாக்குமூலம் கொடுத்தேன். ஜீப்பில் ஏற்றும்போது அவள் என்னிடம், "உங்களுக்கு ஒண்ணுதான். ரெண்டாவதும் மூணாவதும் பொட்டையா வந்தாத் தெரியும் நர்ஸம்மா" என்றாள். "எத்தன வந்தாலும் நான் கொல்ல மாட்டேன்" என்று தெருவே கேட்கும்படி பதில் சொன்னேன். அவள் பல மாதம் உள்ளே இருந்தாள். அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் பாட்டி வீட்டில் இருந்தார்கள். நான் செய்தது சரி என்று அன்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு ஆண்டுக்குள் நான் இரண்டாவது முறை கர்ப்பமானேன்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1994-ல் வந்தது. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறை. சுற்றறிக்கை எங்கள் நிலையத்துக்கும் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்தான். அதைத் தாய்மார் கூட்டத்தில் வாசித்துக் காட்டியவளும் நான்தான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நகரத்தில் எனக்குப் பழக்கமான ஒருவரிடம் ஸ்கேனுக்குப் போனேன். நான் அனுப்பும் தாய்மார்களுக்குப் பார்ப்பவர். என்னிடம் பணம்கூட வாங்கவில்லை. சுவரில் அறிவிப்புப் பலகை இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே, "மூத்தது என்னம்மா?" என்று கேட்டார். "பொண்ணுங்க சார்" என்றேன். "தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்றும் சேர்த்தேன். பஞ்சை எடுத்துக் கையில் கொடுத்து, வயிற்றில் தடவியிருந்த களிம்பைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "அக்காளுக்குத் துணைக்கு ஆள் வருது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டு நான் எழுந்து வந்திருக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கணவர் பள்ளி ஆசிரியர். "எதுவா இருந்தா என்ன, நமக்கென்ன குறைச்சல்" என்று ஒரு தடவை சொன்னார். நான் பதில் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "உனக்குச் சரின்னு பட்டாச் செய்" என்றார். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் இந்த மாதிரி விஷயத்தில் வாய் திறப்பவர் அல்ல. என் அம்மாவுக்கு நான் கர்ப்பமாக இருந்ததையே பிறகுதான் சொன்னேன்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு என் போன்றவர்களுக்கு ஒரு மறைப்பைத் தருகிறது. கர்ப்பிணி இப்படிப்பட்ட சோதனைக்குப் போனால், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் போனாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று நிரூபித்தால்தான் உண்டு. நல்ல பிரிவு அது. நான் பார்த்த பெண்களில் மிகப் பலருக்கு அதுதான் உண்மை. அடி வாங்கிக்கொண்டு வந்தவர்களைத் தெரியும், தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டலோடு வந்தவர்களைத் தெரியும். அவர்களுக்காக எழுதப்பட்ட இடத்தில் நான் போய் நின்றுகொள்ளக் கூடாது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நான்கரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்ட கர்ப்பம். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி அப்போது பன்னிரண்டு வாரத்துக்கு மேல் என்றால் இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. காரணமும் ஒன்று வேண்டியிருந்தது. மணமான பெண்ணுக்கு அந்தச் சட்டத்திலேயே இருந்த காரணங்களில் ஒன்று, கருத்தடை முறை பலனளிக்கவில்லை என்பது. என் படிவத்தில் அதுதான் எழுதப்பட்டது. காப்பர்-டி போட்டு எடுக்கும் வேலையைச் செய்பவள், நாள் கணக்குப் பார்த்துக் கர்ப்பமானவள், அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதத்தில் கலைப்பது பிரசவம் போலத்தான். மருந்து ஏற்றி வலி வரவைப்பார்கள். எத்தனையோ பெண்களின் தலைமாட்டில் நின்று "மூச்ச இழுத்து விடு, அவ்வளவுதான்" என்று சொன்னவளுக்கு அந்த வலியின் ஒவ்வொரு கட்டமும் பெயரோடு தெரியும். முடிந்ததும் ஆயா தட்டில் எடுத்துக்கொண்டு, "பாக்கறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். நர்ஸ் என்பதால் கேட்டிருப்பார். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னால் ஜீப் ஏறியவள் தன் குழந்தையை மூன்று நாள் பார்த்தாள், பால் கொடுத்தாள். எனக்குப் பார்க்காமலிருக்க வசதி இருந்தது. அவள் சிறைக்குப் போனாள், நான் மருத்துவ விடுப்பில் போனேன். எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம், ஒரு ஸ்கேன் மெஷின் இருந்த ஊருக்கு எனக்கு வழி தெரிந்திருந்தது என்பதுதான்.

ஏன் செய்தேன்? வரதட்சணைக்குப் பயந்து என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அது முழு உண்மையில்லை. இருவருக்கும் அரசுச் சம்பளம். மூத்தவளுக்கு நகை சேர்ப்பது பற்றிப் பேசியிருக்கிறோம், திணறவில்லை. மூத்தவள் பிறந்தபோது பார்க்க வந்த பெரியம்மா, "அடுத்தது சிங்கக்குட்டியா வரும், கவலப்படாத" என்றார். நான் கவலைப்படாமல்தான் படுத்திருந்தேன், அவர் சொன்னபிறகு கவலை வந்தது. அதன்பின் நாலு வருஷம், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், "ஒண்ணுதானா? பொண்ணா? சரி சரி, இன்னும் வயசிருக்கு" என்றார்கள். ஆண் பிள்ளையின் அம்மாவாக அந்தக் கூடத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதுதான். கேட்கும்போது எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அந்தச் சின்ன ஆசைக்காகத்தான் செய்தேன்.

அதோடு, இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நாம் இருவர் நமக்கு இருவர் என்று ஊருக்குச் சொன்னவள் மூன்றாவது பெற்றுக்கொள்ள முடியுமா? 1996 வரை ஆபரேஷனுக்கு டார்கெட் வைத்து எங்களை விரட்டிய இலாகா அது. நான்கைந்து பெற்ற காலத்தில் ஆண் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். இரண்டு என்று சுருங்கியபிறகு, அந்த இரண்டில் ஒன்று ஆணாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் சுருங்கவில்லை. சிறு குடும்பத்தைக் கொண்டுவந்த நாங்கள் அந்த எண்ணத்தைத் தொடாமலே விட்டோம். இரண்டு பெண்களோடு நிறுத்திக்கொண்டு ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பங்களுக்கு 1992-லிருந்து பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் அரசு பணம் போட்டு வைத்தது. ஆண் வாரிசு இல்லை என்ற சான்றை வாங்கி, படிவம் நிரப்பி, "ரெண்டும் லட்சுமி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று எத்தனையோ தாய்மார்களை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். என்னை நம்பி வந்தவர்கள் அவர்கள்.

கருக்கலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் சொல்வதைத் தப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். குடிகாரப் புருஷனுக்கு நாலாவதைச் சுமந்தவர்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள், உடம்பில் இரத்தமே இல்லாதவர்கள் என்று பலரை நான் கலைப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அவர்களில் ஒருத்தியும் தப்பு செய்ததாக இன்றுவரை நான் நினைக்கவில்லை. பாலினத் தேர்வை எதிர்க்கிறேன் என்று கருக்கலைப்பையே பாவமாகப் பேசுகிறவர்கள், அந்தப் பெண்களை நாட்டு மருந்துக்கும் குச்சிக்கும் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பெண்களுக்குக் கர்ப்பம் வேண்டாம். எனக்கு வேண்டும். நான் ஆசைப்பட்டுச் சுமந்தேன், மசக்கையைச் சந்தோஷமாகப் பொறுத்துக்கொண்டேன், இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கினேன். ஸ்கேன் அறைக்குள் போகும்போது அது என் குழந்தை. வெளியே வரும்போது இல்லை. குழந்தையிடம் ஒன்றும் மாறவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அங்கேதான் என் குற்றம் இருக்கிறது.

கலைப்பே இல்லாமல் தேர்ந்தெடுத்தால் என்ன என்று இப்போது படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கரு உருவாகும் முன்பே, அல்லது ஆய்வகத்தில் கருவை வளர்த்துச் சோதித்து எது வேண்டுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும் வழிகள் இருக்கின்றன. 2003-ல் நம் சட்டத்தைத் திருத்தி அதையும் தடுத்தார்கள். 2024-ல் சென்னை யூடியூபர் ஒருவர் துபாயில் ஸ்கேன் செய்து, பிறக்கப் போவது என்ன குழந்தை என்று விழா வைத்து வீடியோ போட்டார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, அவரும் வருத்தம் தெரிவித்து வீடியோவை எடுத்துவிட்டார். அப்போது என் உறவிலேயே, "தெரிஞ்சுக்கறதுல என்ன தப்பு? அவங்க கலைக்கவா போறாங்க?" என்று கேட்டார்கள். அந்தக் குடும்பத்தில் தப்பு ஏதும் நடக்கவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தெரிந்துகொண்டவுடன் கை சும்மா இருக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. தர்மபுரிப் பக்கம் வீட்டுக்குள்ளேயே கையடக்க ஸ்கேன் கருவியை வைத்து ரகசியமாகப் பார்த்துச் சொன்னவர்களை அண்மை ஆண்டுகளிலும் பிடித்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சொல்ல ஆள் இருக்கிறதென்றால், கேட்டுப் போக அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

யாரையும் கொல்லாமல் தேர்ந்தெடுப்பதுகூட எனக்கு ஏன் சரியாகப் படவில்லை என்பதற்கு என் வீட்டிலிருந்துதான் பதில் சொல்ல முடியும். நான் வேண்டாம் என்றது வயிற்றிலிருந்தவளை மட்டுமல்ல. நாலு வயதில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாளே, அவளைப் பார்த்து, இவள் மாதிரி இன்னொன்று வேண்டாம் என்று சொன்னேன். அவள் காதில் விழாமல் சொன்னேன், ஆனால் சொன்னேன். 1999-ல் பிறந்த மகனையும் அவனாகப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. அவன் அமைதியானவன், சின்ன வயதில் அடுப்படியில் என் கூடவே நிற்பான். "ஆம்பளப் பையன் இங்க என்ன பண்ற?" என்று வெளியே விரட்டுவேன். அவனுக்காக நான் கொடுத்த விலைக்கு ஏற்றபடி அவன் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த விலை அவனுக்குத் தெரியாது.

வேலையை நான் விடவில்லை. முன்பைவிடக் கடுமையாகச் செய்தேன். ஜனவரி 24, தேசிய பெண் குழந்தைகள் தினத்தில் மேடையேறிப் பேசியிருக்கிறேன், நன்றாகப் பேசுவேன் என்று பெயரும் உண்டு. 2001-ல் சேலம் மாவட்டத்தின் எண் 851, பத்து ஆண்டில் இரண்டே இரண்டு கூடியிருந்தது. 2011-ல் 900-ஐத் தாண்டியபோது கூட்டத்தில் கைதட்டினோம். அந்த 851-ல் விடுபட்ட ஒருத்தி என்னுடையவள் என்ற எண்ணம் அப்போதும் வந்தது. நானும் சேர்ந்து கைதட்டினேன்.

மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அங்கே ஸ்கேனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். போன வருஷம் போனில், "அம்மா, பொண்ணும்மா!" என்று கத்தினாள். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "பரவாயில்லடா, முதல் குழந்ததானே." அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "என்னம்மா பரவாயில்ல?" என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்குமுன் என் பெரியம்மா எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சில வாரம் என்னிடம் பேசவில்லை. பேசியபோது, "அப்போ எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றாள், திட்டவில்லை. பேத்தி பிறந்தபோது நான் போகவில்லை, அவள் வரச் சொல்லவில்லை. இப்போது வரச் சொல்லியிருக்கிறாள்.

இதை எழுதிக் கொடுப்பதற்குமுன் மகனிடமும் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பாப்பா பொறந்திருந்தா நான் இருந்திருக்க மாட்டேன், இல்லம்மா?" என்றான். ரெண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டிருப்பேன், நீ இருந்திருக்க மாட்டாய் என்றேன். அவன் இல்லாத வாழ்க்கையை என்னால் ஆசைப்பட முடியாது. அவளைக் கலைத்தது சரி என்றும் சொல்ல முடியாது. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுத்ததாகிவிடும் என்று பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டையும் அவனிடமே சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஜெயிலுக்குப் போனாங்களே, அந்தம்மாகிட்ட?"

இன்னும் இல்லை. அவள் மேச்சேரிப் பக்கம் மூத்த மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வண்டி எடுத்துவருகிறேன், போகலாம் என்கிறான். தனியாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.